அறுந்து போகட்டும் என்றுதான் சொன்னார்

ரிஸ்வான்,

உனக்கும், இதை நீ பிரிக்கும் நேரம் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். கொழும்பில் ஏஜென்சி தந்த அறையில் நீ பயணத்துக்காகக் காத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை விமானம். கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்காக உட்கார்ந்து தாள் தாளாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ இடையில் ஏதாவது கேட்பாய். நீ கேட்டால் நான் கதையை மாற்றிவிடுவேன். கிட்டத்தட்ட உன் வயதளவு காலமாகக் கதையை மாற்றித்தான் வந்திருக்கிறேன். அதனால்தான் தாள். உன் சின்ன மாமா வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வரும்போது இதை உன் கையில் தருவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நீ உடுத்தும் சாறனும் மருந்தும் இருக்கும் பையோடு சேர்த்துத்தான் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் நீ முன்னறைச் சுவரில் இருந்த, விமானத் தளத்தில் எனக்குத் தந்த சான்றிதழைக் கழற்றினாய். கண்ணாடியைத் துடைத்தாய், தாளை வெளியே எடுத்தாய், மதுரங்குளிக்குக் கொண்டுபோய்ப் போட்டோக் கொப்பி எடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு வந்தாய். "வாப்பா, இது ஒண்டே போதுமாம். வாப்பா அங்க வேல செஞ்ச ஆள் எண்டா அவங்க கண்ண மூடிக்கிட்டு எடுப்பாங்களாம்" என்றாய். நீ அவ்வளவு சந்தோசமாகச் சிரித்து நான் நெடுநாளாகக் கண்டதில்லை. நீ வேலை செய்த தொலைபேசிக் கம்பனி ஆட்களைக் குறைத்து உன்னையும் நிறுத்திய நாளிலிருந்து நீ சிரிக்கவே இல்லை. நான் தாளை வாங்கி மறுபடி சட்டத்துக்குள் வைத்தேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டில்தான் எனக்கு வாய் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும்.

"போக வேணாம் மகன்" என்றேன்.

"ஏன் வாப்பா?"

"சும்மா. எனக்கு மனசு சரியில்ல."

"நீங்க போன மாதிரி எடந்தானே? நான் என்ன, சுடவா போறேன்? அன்டெனாவ நிமித்தி வைக்கிறதும் லைன் செக் பண்றதும்தான் வேல. இஞ்ச டவர்ல ஏறிச் செய்றத அங்க நெலத்துல நிண்டு செய்யப் போறேன்."

உன் உம்மா கறிச் சட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "புள்ள ஒரு வழியா வெளிக்கிடுறான், அதுல நீங்க மண்ணப் போடாதீங்க" என்றாள். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. போகாதே என்று ஒரு தரம் கேட்டேன். இரண்டாம் தரம் கேட்க எனக்கு வாய் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் உன்னை அடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் உன்மேல் கை நீட்டியதில்லை. உங்கள் வகுப்பில் யாரோ மின்விசிறியின் இறக்கையை வளைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட அதிபர் வந்து யார் என்று கேட்டார். நீ எழுந்து ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னாய். அதிபர் உன்னை முன்னால் அழைத்து, எல்லாப் பிள்ளைகளையும் கைதட்டச் சொன்னார். நீ வீட்டுக்கு ஓடி வந்து, புத்தகப் பையைக் கூட இறக்காமல், அதை என்னிடம் சொன்னாய். நான் ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அவன் வளைச்சத நீ கண்டியா?" என்று கேட்டேன். "காணல வாப்பா. அவன்தான் செஞ்சிருப்பான்" என்றாய். அடி விழுந்தது உனக்கே விளங்கவில்லை. உன் உம்மா ஓடி வந்து, "பைத்தியமா ஒங்களுக்கு? உண்மைய சொன்ன புள்ளைக்கா அடிக்கிற?" என்று கத்தினாள். நீ ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு உனக்கு விழுந்த அடியில் பாதி எனக்கு விழ வேண்டியது. முழுவதுமே எனக்கு விழ வேண்டியது என்று எழுதினால்தான் சரி.

உனக்கு ஒரு வயது ஆகும்போது நான் வளைகுடாவுக்குப் போனேன். மன்னாரில் இருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது வெறுங்கையோடு கற்பிட்டி அகதி முகாமில் வந்து இறங்கி, ஓலைக் கொட்டிலில் இளமையைக் கழித்தவன் நான். ஏசி வேலை பழகியது ஒரு இறால் பண்ணையின் குளிரறையில். வளைகுடாவில் முதல் இரண்டு வருடம் கட்டடங்களில் வேலை. அங்கேதான் அரபு பேசப் பழகினேன். மத்ரஸாவில் ஓத மட்டும் தெரிந்த எனக்கு, மேசன்மாரோடும் சாரதிமாரோடும் கதைத்துக் கதைத்து நாக்குத் திருந்தியது. பிறகு ஒரு ஒப்பந்தக் கம்பனி என்னை எடுத்து, பாலைவனத்தின் நடுவே இருந்த விமானத் தளம் ஒன்றுக்கு அனுப்பியது. தளம் அந்த நாட்டின் மண்ணில் இருந்தது. விமானங்கள் வேறொரு நாட்டுடையவை, கடல் கடந்து வந்தவை. அவை குண்டு போட்டது மூன்றாவது ஒரு நாட்டில், எல்லைக்கு அப்பால். இந்த மூன்றில் எதுவும் எங்கள் நாடு இல்லை என்பதால் எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

என்னைப் போட்டது ஓடுபாதைக்குப் பக்கத்தில் இல்லை. அதிலிருந்து தள்ளி, மண்மூட்டை அடுக்கிய ஒரு வளவில். அங்கே ஆறு இரும்புப் பெட்டி அறைகள், நாலு பெரிய வட்ட அன்டெனாக்கள், நிலமெல்லாம் கறுப்புக் கம்பிகள். விமானப்படைக்கு உதவி செய்யும் தொடர்பாடல் பிரிவு அது. நீ போகப்போவதும் அப்படியொன்றுக்குத்தான் என்று உன் ஒப்பந்தத்தில் வாசித்தேன். அங்கிருந்த சார்ஜன்ட், சிவந்த முகத்து மனிதர், முதல் நாளே எனக்கு விளங்கப்படுத்தினார். "மேலே பறப்பவனுக்குத் தன்னால் ஒன்றும் தெரியாது. எங்கே போக வேண்டும், எதைத் தொட வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எல்லாம் இந்தப் பெட்டிகளுக்குள்ளால்தான் அவனுக்குப் போகிறது. பெட்டி சூடாகினால் நின்றுவிடும். நின்றால் அவன் செவிடு, ஊமை. நீ பெட்டியைக் குளிராக வைத்திரு, போதும்." போதும் என்ற சொல் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு ஏசி. நான் அவற்றின் வடிகட்டிகளைக் கழுவினேன், வாயு நிரப்பினேன், ஜெனரேட்டர்காரனோடு சண்டை பிடித்தேன். உள்ளே இருந்த பொடியன்மார் எல்லாரும் நல்லவர்கள். இதைக் கவனித்துக்கொள் ரிஸ்வான். அவர்கள் கெட்டவர்களாக இருந்தால் உனக்கு லேசாக இருக்கும். நோன்பு காலத்தில் என் முன்னால் தண்ணீர் குடிக்க வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்த பிள்ளைகள் அவர்கள். உன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

அந்த வளவுக்குப் பின்னால் ஒரு சலவைக் கூடாரம் இருந்தது. அதில் வேலை செய்தவர் இத்ரீஸ். என்னை விடப் பத்து வயது மூத்தவர், ஒல்லியானவர், ஒரு காது சரியாகக் கேட்காது. கடவுச்சீட்டு வேறு ஒரு நாட்டுடையது; தாயும் தங்கையும் தங்கையின் பிள்ளைகளும் இருந்தது எல்லைக்கு அப்பால், குண்டு விழும் நாட்டில். தளத்தில் இது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அவர்தான் சொன்னார். அரபுக்காரர்கள் ஒருவரைத் தன் மூத்த பிள்ளையின் பெயரால் அழைப்பார்கள். அவர் என்னை அபூ ரிஸ்வான், ரிஸ்வானின் வாப்பா, என்றார். இரண்டு வருடம், தினமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அந்தக் கூடாரத்தில் தேநீர் குடித்தோம். "ரிஸ்வான் என்ன பேசுகிறான்? ரிஸ்வானைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா?" என்று கேட்பார். உனக்கு அம்மை போட்டது என்று நான் சொன்ன வாரம், ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் உனக்காகக் கையேந்தினார். நம்மூரில் உன் பெயர் தெரியாத பலர் இருந்த நாட்களில் அந்தப் பாலைவனத்தில் ஒரு மனிதருக்கு உன் பெயர் தெரிந்திருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் மணற்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. லுஹருக்குச் சற்று முன், வெயில் உச்சிக்கு வரும் நேரம், முக்கியமான பெட்டியின் இரண்டு ஏசியும் அடுத்தடுத்து நின்றன. ஒன்றின் வெளிப்புறக் கம்பிக்கூடு மணலால் அடைத்து, சூடேறி, தானாக நின்றுவிட்டது. மற்றதில் கம்பிரசரைக் கிளப்பும் கெப்பாசிட்டர் வெடித்திருந்தது. சார்ஜன்ட் ஓடி வந்தார். சிவந்த முகம் வெள்ளையாகியிருந்தது. "மேலே நாலு பையன்கள் இருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் இது அணைந்துவிடும்" என்றார். எனக்கு அந்த நேரம் மேலே இருக்கும் நாலு பேர் மட்டும்தான் தெரிந்தார்கள், சத்தியமாக. சாப்பாட்டுக் கூடாரத்தின் ஏசியைப் பிரித்து அதன் கெப்பாசிட்டரைப் பிடுங்கினேன். அடைத்துக் கிடந்த கூட்டைத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். தண்ணீர்ப் பவுசர் ஓட்டும் சுனில், சிலாபத்துப் பொடியன், அன்றைக்குத் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தான். நான் கத்தினேன். இத்ரீஸ் கேட்டு வந்தார். சலவைக்கு வைத்திருந்த தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு வந்து அவர்தான் ஊற்றினார். நான் ஊற்றச் சொன்ன இடத்தில், நான் ஊற்றச் சொன்ன அளவில். பதினெட்டாவது நிமிடம் இரண்டும் ஓடத் தொடங்கின. உள்ளே இருந்த பிள்ளைகள் வெளியே வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்கள். இத்ரீஸ் நனைந்த சட்டையோடு சிரித்துக்கொண்டு நின்றார். "இன்றைக்கு உன் மகனிடம் சொல்ல உனக்கு ஒரு கதை கிடைத்தது" என்றார்.

அந்தக் கதையை உனக்குச் சொன்னேன். எத்தனையோ தரம் சொன்னேன். நீ ஆறாம் வகுப்பில் 'என் தந்தை' என்று மேடையில் பேசியதும் அதைத்தான். கேட்டவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். அந்தக் கதையில் வாளி தூக்கியவர் யாரும் இல்லை, கவனித்தாயா? நான் அவரை எடுத்துவிட்டுத்தான் உனக்குச் சொன்னேன். ஏனென்றால் அவரை உள்ளே விட்டால் மூன்றாவது நாளையும் சொல்ல வேண்டி வரும்.

மூன்றாவது நாள் காலை அவருக்குச் செய்தி வந்தது. ஊரில் இருந்து யாரோ ஒரு உறவினர் சொல்லியனுப்பி, வெளி வாசலில் காய்கறி கொண்டுவரும் சாரதியின் வாயால் வந்த செய்தி. அவருடைய தாயின் வீடு இருந்த தெருவில் குண்டு விழுந்திருக்கிறது. தாய், தங்கை, தங்கையின் இரண்டு பிள்ளைகள், எல்லாரும் மௌத்து. எந்த நாள், எந்த நேரம் என்றும் சாரதி சொல்லியிருக்கிறான். நாங்கள் அந்த ஏசிகளை ஓட வைத்த அதே நாள், லுஹர் பாங்கு சொல்லும் நேரம். அதே நாலு விமானங்களா? எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் எத்தனையோ விமானங்கள் எத்தனையோ இடங்களில் இருந்து போயின. யாராலும் சொல்ல முடியாது. இதை எனக்கு நானே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இத்ரீஸுக்கு அப்படி யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவர் கூடாரத்தில் இருந்து நேரே எங்கள் வளவுக்கு நடந்து வந்தார். செருப்பு இல்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று, நிலத்தில் கிடந்த கறுப்புக் கம்பிகளைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். "நான் ஊற்றினேன். என் கையால் தண்ணீர் ஊற்றினேன்" என்றார். பிறகு குனிந்து ஒரு கம்பியைக் கையில் எடுத்து, வானத்தைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். காவலுக்கு நின்ற இரண்டு பேர் பாய்ந்து அவரை நிலத்தில் அமுக்கினார்கள்.

பாதுகாப்புப் பொறுப்பதிகாரி வந்தார். மொழிபெயர்ப்பாளர் அன்றைக்குத் தளத்தில் இல்லை. அதிகாரி என்னைக் கண்டார். "நீ அரபு பேசுவாய் அல்லவா? என்ன சொன்னான் இவன்?"

இத்ரீஸ் சொன்னது இதுதான்: "யா அல்லாஹ், இந்தக் கம்பிகள் அறுந்து போகட்டும்." அது ஒரு துஆ. வயிறு எரிந்த மனிதன் வானத்தைப் பார்த்துக் கேட்டது. நம் வீட்டில் உம்மாமார் கோபம் வந்தால் பிள்ளையையே அப்படிச் சபிப்பார்கள்.

நான் ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னது: "இந்தக் கம்பிகளை அறுப்பேன் என்கிறான்."

இரண்டு மொழிக்கு நடுவில் தடுமாறிவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லி வந்தேன். என் ஆங்கிலம் போதவில்லை என்றேன். பொய். அந்த வசனத்தைச் சரியாகச் சொல்ல என் ஆங்கிலம் போதும். அதிகாரி என்னைப் பார்த்த பார்வைதான் போதாமல் இருந்தது. அவர் இத்ரீஸைப் பார்த்துவிட்டு அதே கண்ணால் என்னையும் பார்த்தார். ஒரே மாதிரித் தாடி, ஒரே மாதிரித் தொப்பி, மூன்று நாளைக்கு முன் ஒன்றாக நின்று அதே இயந்திரத்தில் கை வைத்தவர்கள். நான் அந்த மனிதனில்லை என்று அவருக்கு உடனே காட்ட வேண்டியிருந்தது. ஒரே ஒரு வசனத்தில் காட்டிவிட்டேன். அதிகாரி இன்னொரு கேள்வியும் கேட்டார்: "இவனுடைய ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?" அதற்கும் சொன்னேன். எல்லைக்கு அப்பால் என்று சொன்னேன். அதை யாரும் என் வாயைக் கிழித்து எடுக்கவில்லை.

இத்ரீஸுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். நிலத்தில் கிடந்தபடி, நல்ல காது இருந்த பக்கத்தைத் திருப்பி, நான் சொன்னதைக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. "அபூ ரிஸ்வான்" என்று மட்டும் கூப்பிட்டார். கேள்வி மாதிரி. நான் ஏசியின் மூடியில் இருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைக் கெப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் சுனில் என்னிடம் வந்தான். அவனுக்கு அரபு தெரியாது. ஆனால் அழுகிற மனிதனைத் தெரியும். "மச்சான், நெசமா அந்த மனிசன் அப்படிச் சொன்னதா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

"அழுதுகிட்டு இருந்ததே மச்சான். அழுகிற ஆள் அறுக்கிறேன்னு சொல்லுமா?"

"ஒனக்கு அரபு தெரியுமா?" என்று கத்தினேன். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னோடு சாப்பிட உட்காரவில்லை. பல மாதம் கழித்து, நான் தளத்தை விட்டு வரும் நேரத்தில், அவன்தான் வந்து சொன்னான். இத்ரீஸை எங்கோ ஒரு அடைப்பில் வைத்திருந்தார்களாம். பிறகு எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்களாம். உயிரோடு விட்டார்கள் என்று ஒருவன் சொன்னானாம், நடக்க முடியாமல் விட்டார்கள் என்று இன்னொருவன் சொன்னானாம். அதற்கு மேல் இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

அது நடந்து இரண்டு வாரத்தில் என்னை வரிசைக்கு முன்னால் அழைத்து அந்தச் சான்றிதழைத் தந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறாய். 'துரித செயற்பாட்டுக்கும் விசுவாசத்துக்கும்.' நீயும் உம்மாவும் அதை ஒன்றாகவே வாசித்தீர்கள். அது இரண்டு விசயம் மகன். துரித செயற்பாடு ஏசிக்கு. விசுவாசம் மற்றதுக்கு. ஒரு ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு உன்னைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று சொன்னானே, அவன் தேடியது அந்த இரண்டாவது சொல்லைத்தான். உன் படிப்புச் சான்றிதழ்களை அவன் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நீயே சொன்னாய்.

சரி, அவ்வளவு வெட்கமென்றால் ஏன் சுவரில் மாட்டினீர்கள் என்று கேட்பாய். ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது உன் உம்மாதான் அதைக் கண்டு எடுத்தாள். புத்தளம் டவுனுக்குப் போய்ச் சட்டம் போட்டு வந்தாள். முகாமில் வரிசையில் நின்று அரிசி வாங்கிய குடும்பத்துக்கு, வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். அதனால் பேசாமல் ஆணி அடித்துக் கொடுத்தேன். பேசாமல் இருப்பது அவ்வளவு லேசான வேலை. முதல் நாள் மட்டும்தான் கஷ்டம். பிறகு அதுவே பழகி, வீட்டுக்கு வருகிறவர்கள் சான்றிதழைப் பார்த்துப் புகழும்போது நானே இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதே வேலைக்குப் போகிறான் என்றால் நான் யாரிடம் போய் முறையிட?

மக்காவுக்கு உம்ரா செய்யப் போனபோது அழுதேன். நீங்கள் எல்லாரும் அது பக்தி என்று நினைத்தீர்கள். அங்கே ஒரு மௌலவியிடம், யாரோ ஒருவன் செய்த மாதிரிச் சொல்லி, இதைக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "அல்லாஹ்வுக்குச் செய்த பாவத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். அவனைத் தேடச் சொல்லுங்கள்" என்றார். நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுவாரோ என்ற பயம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் வாப்பா என்ற பெயருக்குச் சிலதை எழுதுகிறேன். வயர் இழுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போகிறாய். அந்த வயர் எங்கே போய் முடிகிறது என்று ஒரு தரமாவது கேள். சொல்ல மாட்டார்கள். சொல்ல மாட்டார்கள் என்பதை வைத்து விளங்கிக்கொள். அவர்கள் உன்னை நல்லவன் என்று தோளில் தட்டும்போது சந்தோசப்படு, ஆனால் உடனே அக்கம் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள். யாரோ ஒருவரைக் காட்டித்தான் உன்னை நல்லவன் என்கிறார்கள். அங்கே சலவைக்கும் சமையலுக்கும் கூட்டுவதற்கும் வந்திருக்கும் மனிதர்களோடு சாப்பிடு. அவர்கள் உன்னிடம் சொல்லும் குடும்பக் கதைகள் உன்னிடமே இருக்கட்டும். ஒரு நாள் ஒரு அதிகாரி உன்னைப் பார்த்து, இவன் என்ன சொன்னான் என்று கேட்பான். உன் மொழியும் உன் முகமும் இருக்கும் வரைக்கும் கேட்பான். அப்போது அந்த மனிதன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல். ஒரு எழுத்து கூட்டாதே. அதற்குத் தைரியம் இல்லை என்றால் எனக்கு விளங்கவில்லை என்று சொல்லிவிடு. மொழி தெரியாத முட்டாள் என்று உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். அந்த முட்டாளாக இருக்க நான் என்னவெல்லாம் கொடுக்கத் தயார் என்று உனக்குத் தெரியாது.

உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. "நான் சுடவா போறேன்" என்று கேட்டபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்கு எதுவோ தெரிந்திருக்க வேண்டும் என்று சில நேரம் நினைக்கிறேன். நான் அந்தக் கதையைச் சொல்லும்போது எந்த இடத்தில் இருமுவேன், எந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன் என்று உனக்கு மனப்பாடம். ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. நீயும் என்னை மாதிரியே, கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாய். கற்றுக் கொடுத்தவன் நான்தான். அதனால் இந்தக் கோபத்தையும் என் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நேற்று அஸருக்குப் பிறகு உன் உம்மாவிடம் போனேன். உன்னிடம் சொல்லுவதை அவளுக்குத் தெரியாமல் சொன்னால் அது இன்னொரு களவு. அவள் பின்புறக் குழாயடியில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். முதலில் வெட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கத்தி நின்றது. வாசித்து முடிந்த பிறகு கத்தியைக் கழுவி ஓரமாக வைத்தாள்.

"மன்னார்ல எங்களையும் வீட்ட விட்டு எறக்கினப்ப, எங்கட தெரு ஆள் ஒருத்தன்தான் கூட வந்து வீட்ட காட்டிக் குடுத்தான்" என்றாள். "அவன நீங்க இண்டைக்கும் ஏசுறீங்க."

"ஓம்" என்றேன்.

"அந்த மனுசன் எங்கட புள்ளைக்கு அம்ம போட்ட நேரம் துஆக் கேட்டாரு எண்டு எழுதி இரிக்கி. எனக்கு ஏன் அத ஒரு நாளும் சொல்லல?"

நான் தாள்களை அடுக்கி மடித்தேன்.

"அவனுக்குப் போக வேணாம் எண்டு நான் சொல்ல மாட்டேன். போறதும் நிக்கிறதும் இத வாசிச்ச பொறகு அவன்ட விருப்பம். ஆனா மௌத்தாப் போன அந்த உம்மாக்கும் புள்ளைகளுக்கும் நான் யாஸீன் ஓதப் போறேன். இத்ரீஸ் எண்டவர்ட உம்மா எண்டு சொல்லி ஓதுறேன்." கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "அவங்க எந்த ஊரு?"

அவர் சொல்லியிருக்கிறார், ரிஸ்வான். இரண்டு வருடம், தினமும் அந்தத் தேநீரோடு சொல்லியிருக்கிறார். தெரு, பள்ளிவாசல், தாய் ரொட்டி சுடும் முற்றம், எல்லாம். அவர் அன்றைக்கு வானத்தைப் பார்த்துச் சொன்ன வசனம் எனக்கு அரபில் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. நான் அதை மாற்றிச் சொன்ன ஆங்கிலமும் ஞாபகம் இருக்கிறது. ஊரின் பெயர் வரவில்லை. உன் உம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, ஓதுவதற்குத் தயாராக, வாசலில் நின்று காத்துக்கொண்டிருந்தாள். நான் நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வரவே இல்லை.

வாப்பா